கோழிக்கும் மலேரியா வருமா?



கோழி வளர்ப்புக்கு உதவி பெற்ற குடும்பங்களைச் சந்திக்க, மீள்குடியேறிய ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஒரு அக்கா தன் கோழிக்கூட்டைக் காட்டினார். நான்கு கோழிகள் கொண்டை வெளிறி, இறகை உப்பிக்கொண்டு மூலையில் நின்றன.

“தங்கச்சி, கோழிக்கும் மலேரியா வருமாம். நுளம்பு கடிச்சுப் பிள்ளையளுக்கும் தொத்துமோ? எல்லாத்தையும் வித்துப்போடட்டோ?”

அந்தக் கோழிகளின் முட்டைக் காசில்தான் அவருடைய மூன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு நடக்கிறது.

பறவைகளுக்கு மலேரியா வருவது உண்மைதான். ஆனால் அந்த ஒட்டுண்ணி வேறு, மனிதருக்கு வரும் ஒட்டுண்ணி வேறு. கோழி மலேரியா பிள்ளைகளுக்குத் தொற்றாது.

மலேரியாவை நுளம்பு எப்படிப் பரப்புகிறது என்பதே பறவைகள் மூலம்தான் முதலில் தெளிவானது. 1898இல் கல்கத்தாவில் ரொனால்ட் ரொஸ் என்ற வைத்தியர், நோயுற்ற குருவிகளின் இரத்தத்தை நுளம்புகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். பின்பு அவற்றை ஒவ்வொன்றாக அறுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். நுளம்பின் இரைப்பைச் சுவரில் வளர்ந்த ஒட்டுண்ணி, கடைசியில் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்த நுளம்புகள் கடித்தபோது நல்ல குருவிகளுக்கும் நோய் வந்தது. 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டிலும் இத்தகைய தேடல் நடந்துள்ளது. இங்கே கோழி மலேரியாவைக் காவுவது ‘மன்சோனியா கிராசிபெஸ்’ என்ற நுளம்பு என்று 1965இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். இதன் குடம்பிகள் நீர்த்தாவரங்களின் வேரில் ஒட்டிக்கொண்டு வளர்பவை.

இன்று கொரோனாக் காலத்தில் நாம் கேள்விப்பட்ட பிசிஆர் பரிசோதனையை நுளம்புக்கும் செய்கிறார்கள். நுளம்பின் வயிற்றை ஒரு பங்காகவும், தலையையும் நெஞ்சையும் மறு பங்காகவும் பிரித்துச் சோதிப்பார்கள். வயிற்றில் மட்டும் ஒட்டுண்ணியின் அடையாளம் இருந்தால், அது சற்று முன் குடித்த இரத்தத்தில் இருந்ததாகவும் இருக்கலாம். அந்த நுளம்பே நோயைப் பரப்புகிறது என்று சொல்லிவிட முடியாது. நெஞ்சுப் பகுதியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒட்டுண்ணியைக் கண்டால்தான் சந்தேகம் வலுக்கும்.

சகோதரிகளே, விஞ்ஞானிகளே இத்தனை தரம் பார்த்துத்தான் ஒரு நுளம்பைக் குற்றவாளி என்கிறார்கள். நாமோ ஒரு காதுவழிக் கதையைக் கேட்டவுடன், கையிலுள்ள பிழைப்பை விற்கத் துணிகிறோம். அந்த அக்காவைக் கால்நடை வைத்தியரிடம் அனுப்பினேன். கோழிகளுக்கு இருந்தது குடற்புழு. மருந்து கொடுத்ததும் மூன்று தேறிவிட்டன.

மனித மலேரியாவை மட்டும் மறந்துவிட வேண்டாம். 2012 ஒக்டோபருக்குப் பின் உள்ளூரில் தொற்றிய நோயாளர் இல்லாததால், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் அதே ஆண்டின் இறுதியில், கிணறுகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெருகும் ‘அனோபிலிஸ் ஸ்டீபென்சி’ என்ற புதிய மலேரியா நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே தொட்டிகளை மூடி வையுங்கள். மலேரியா உள்ள நாட்டிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், இரத்தப் பரிசோதனை செய்யும்படி கேளுங்கள்.

கோழிகளை விற்க வேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடுங்கள்.