மாலை போட்ட கைகளே, மனுவும் எழுதுங்கள்!

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். இஸ்திரி போடுகிறவர். வேப்ப மரத்தடியில் ஒரு தள்ளுவண்டி. அதன்மேல் கரிப்பெட்டி. முப்பது ஆண்டுகளாக அதுதான் அவருடைய தொழில்.

சென்ற மழைக்காலத்தில் அவர் குழியில் விழுந்தார். கால் முறிந்தது.

அந்தக் குழி தானாக வந்ததல்ல. மழைநீர்க் கால்வாய்க்காகத் தோண்டியது. தோண்டினார்கள், போய்விட்டார்கள். மூடுவதற்கு யாரும் வரவில்லை. குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, நாங்கள் நடந்து கொண்டிருந்தோம். மழை பெய்தது. தெருவிளக்கு எரியவில்லை. பலகை வழுக்கியது. அவ்வளவுதான்!

ஆறு வாரம் அவரால் நிற்க முடியவில்லை. நின்றால்தானே இஸ்திரி போட முடியும்? அவருடைய மனைவி, அறுபது வயதுக்கு மேல், அந்தக் கனமான பெட்டியைத் தூக்கித் தேய்த்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது. "நம் தலைவரிடம் போவோம்" என்று கிளம்பினேன்.

நம் தலைவர்! அந்தச் சொல்லை நான் அன்றுதான் கடைசியாகச் சொன்னேன்.

சைக்கிளில் வந்தவர்

2011-ம் ஆண்டு. அப்போது நான் கல்லூரி மாணவன். அவர் சைக்கிளில் வருவார். பின்னால் கொடி பிடிக்க நாலு பையன்கள். அந்த நாலு பேரில் நானும் ஒருவன்.

எங்கள் தெருப் பெண்கள் அதிகாலையில் எழுந்து அடிபம்பு அடிப்பார்கள். காற்றுதான் வரும். ஒருநாள் அவர் அந்தப் பம்பைத் தானே பிடித்து அடித்துப் பார்த்தார். "அம்மா, இந்த வலி எனக்குத் தெரியும். என் தாயும் குடம் தூக்கியவள்தான்" என்றார். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். நானும் கலங்கினேன்.

அவருக்காகப் பசை காய்ச்சினேன். இரவெல்லாம் சுவரொட்டி ஒட்டினேன். பரீட்சைக்குக்கூட ஒழுங்காகப் படிக்கவில்லை. அவர் ஜெயித்தார். என் கையால்தான் முதல் மாலை!

பிறகு என்ன? சைக்கிள் போனது, மோட்டார் சைக்கிள் வந்தது. அதுவும் போனது, கார் வந்தது. ஒரு கார் மூன்று காரானது. பதவிகளும் ஏறின. எங்கள் அடிபம்பு மட்டும் அப்படியே இருந்தது.

மூன்று மணி நேரம்

தலைவர் வீட்டுக்குக் காலை எட்டு மணிக்குப் போனேன். வாசலில் ஐம்பது பேர். கையில் ஆளுக்கொரு மனு. பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, அதே சிரிப்பு.

நான் முன்னால் போய் நின்றேன். பழைய நாட்களைச் சொன்னேன். அவருக்கு நினைவு வரவில்லை.

"மனுவைக் கொடுத்துவிட்டுப் போங்க தம்பி. பார்த்துக்கலாம்" என்றார். ஒருவர் மனுவை வாங்கி, மூலையில் இருந்த சாக்குப் பையில் போட்டார். அது வாய்வரை நிறைந்திருந்தது.

அடுத்த வாரம் தலைவருக்குப் பிறந்த நாள். எங்கள் தெருமுனையில் பெரிய பேனர் வைக்க ஆட்கள் வந்தார்கள். பேனர்க் கம்பத்தைச் சுற்றிக் கொட்டி மிதிக்க ஒரு வண்டி மணல் வந்தது. பத்தடி தள்ளி எங்கள் குழி திறந்தே கிடந்தது. கம்பத்துக்கு மணல் உண்டு. குழிக்கு மணல் இல்லை!

என் மனசு அன்று விட்டுப்போயிற்று.

தவறு அவருடையது மட்டுமா?

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவரைத் திட்டித் தீர்த்தேன். ஆனால், திட்டிய வாய் ஓய்ந்த பிறகு ஒரு கேள்வி எழுந்தது. அந்தச் சைக்கிள்காரரை யார் இப்படி ஆக்கியது? தான் செய்ததற்கும் செய்யாததற்கும் அவர்தான் பொறுப்பு. ஆனால், நமக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு.

தெருக் கால்வாயைத் தோண்டுவது யார் பணத்தில்? நம் வரிப் பணத்தில். சொந்த வீட்டுக்காரர் சொத்து வரி கட்டுகிறார். வாடகைக்காரர் கொடுக்கும் வாடகையில் அதுவும் சேர்ந்திருக்கிறது. அப்படியிருக்க, விளக்கு எரிந்தால் "தலைவர் போட்டார்" என்கிறோம். தண்ணீர் வந்தால் "தலைவர் விட்டார்" என்கிறோம். நம் வீட்டுப் பணத்தில் சமைத்த சோற்றை, பரிமாறியவர் போட்ட பிச்சை என்று நினைத்துக் கும்பிடுகிறோம்!

கும்பிட்டுக் கொண்டே இருந்தால், கும்பிடப்படுகிறவர் தன்னைக் கடவுள் என்றுதானே நினைப்பார்?

பழைய நகரசபையின் கதை

சென்னை மாநகராட்சி நேற்று வந்ததல்ல. 1688-ம் ஆண்டில் தொடங்கியது. இந்தியாவிலேயே பழமையான மாநகராட்சி இதுதான். ஆனால், இவ்வளவு பழைய நகரசபையில் மக்கள் பிரதிநிதிகளே இல்லாமல் பல காலம் கழிந்திருக்கிறது. 1973-ல் மன்றம் கலைக்கப்பட்டது. மறுபடி தேர்தல் நடந்தது 1996-ல். நடுவில் 23 ஆண்டுகள்! 1973-ல் பிறந்த பிள்ளைக்கு 1996-ல் கல்யாணமே ஆகியிருக்கும்.

அதோடு முடிந்ததா? 2016-ல் கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவுன்சிலர் என்று ஒருவரே இல்லை.

இந்த ஐந்து ஆண்டுக்குள் என்ன நடந்தது தெரியுமா? 2019-ம் ஆண்டில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்களில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர்! லாரி வந்தால் குடம் குடமாக வரிசை. குடத்துக்காகச் சண்டை. அப்போது "எங்கள் தெருவுக்கு ஏன் லாரி வரவில்லை?" என்று கேட்க வார்டில் ஓர் ஆள் இல்லை.

சரி, 2022-ல் தேர்தல் வந்ததே! அப்போது நாம் என்ன செய்தோம்? சென்னையில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை. "எவன் வந்தால் என்ன?" என்று வீட்டில் இருந்துவிட்டோம். பெரிய தலைவருக்குக் கட்அவுட் வைக்க ஆள் உண்டு. தெருக் கவுன்சிலருக்கு ஓட்டுப் போட ஆள் இல்லை. இது நம் குற்றம் இல்லையா?

பெண்கள் செய்த காரியம்

இனி எங்கள் குழி என்ன ஆனது என்று சொல்கிறேன்.

நான் மனமுடைந்து உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு அக்கா வந்தார். முதியோர் கல்வியில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர். "தம்பி, நீங்க பேப்பர்ல எழுதுறவர்தானே? எங்களுக்கு ஒரு மனு எழுதச் சொல்லிக் கொடுங்க" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை படித்தும், தலைவர் வாசலில் மூன்று மணி நேரம் நிற்கத்தானே எனக்குத் தோன்றியது?

முதலில் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குப் போன் செய்தோம். புகாருக்கு ஒரு நம்பர் கொடுத்தார்கள். அதை அக்கா பள்ளிக்கூட நோட்டில் தேதியோடு எழுதிக்கொண்டார். மறுநாள் இன்னொரு வீட்டிலிருந்து ஒரு போன். அதற்கும் ஒரு நம்பர். பத்து நாளில் நோட்டில் ஒரு பக்கம் நிறைந்தது.

பிறகு, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கடிதம் எழுதினோம். அந்தச் சட்டம் 2005-ல் வந்தது. பத்து ரூபாய்தான் கட்டணம். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். "இந்த வேலை எப்போது தொடங்கியது? எப்போது முடிய வேண்டும்? எவ்வளவு பணம்?" இந்த மூன்று கேள்விகள்தான் கேட்டோம். திட்டவில்லை, கெஞ்சவில்லை.

அதோடு, ஒரு திங்கட்கிழமை பன்னிரண்டு பெண்கள் நோட்டையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்கள். உள்ளே இருந்தவர் முதலில் சலித்துக்கொண்டார். நோட்டைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார். கேள்விக்குப் பதில் வருவதற்கு முன்பே சிமெண்டுப் பலகைகள் வந்து இறங்கின. குழி மூடியது!

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நகர்ந்தது.

எல்லாம் இப்படி எளிதாக முடியும் என்று நான் சொல்லவில்லை. அடிபம்பில் இன்றைக்கும் பல நாள் காற்றுதான் வருகிறது. தெருவிளக்கு பாதி நாள் எரிவதில்லை. ஆனால், அந்த நோட்டு இருக்கிறது. அதில் இப்போது விளக்குக் கம்பத்தின் நம்பரும் ஏறியிருக்கிறது.

வெறுப்பு மருந்தல்ல

தலைவரிடம் ஏமாந்தவர்கள், "அரசியலே சாக்கடை, எல்லாரும் ஒன்றுதான்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இதுவும் தவறு. நாம் ஒதுங்கினால் சாக்கடை ஒதுங்காது. அது நம் வீட்டு வாசல் வழியாகத்தான் ஓடும்.

கிராமத்தில் கிராம சபை கூடுகிறது. வரவு செலவைக் கேட்கிறார்கள். நகரத்துக்கும் அப்படிப் பகுதி சபை உண்டு. அதற்கான விதிகள் 2022-ல் வந்துவிட்டன. உங்கள் பகுதியில் அது கூடுகிறதா? கூடினால் போங்கள். கூடாவிட்டால், "ஏன் கூடவில்லை?" என்று கவுன்சிலரைக் கேளுங்கள். ஓட்டு ஒருநாள் வேலை. கேள்வி மற்ற எல்லா நாளும் செய்ய வேண்டிய வேலை.

தலைவர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்லவர் வந்தால் ஓட்டுப் போடுவோம். நல்லது செய்தால் பாராட்டுவோம். ஆனால், மாலை வேண்டாம். மாலை போட்ட கை கேள்வி கேட்கக் கூசுகிறது. என் கை பல ஆண்டுகள் கூசியது.

இஸ்திரிப் பெரியவர் மறுபடி வேலைக்கு வந்துவிட்டார். கொஞ்சம் நொண்டி நடக்கிறார். அன்று அவரிடம் என் ஏமாற்றத்தையெல்லாம் சொன்னேன். அவர் கரியை ஊதிக்கொண்டே சொன்னார்:

"அவர் முதல் தேர்தலுக்கு நின்றபோது, அந்த வெள்ளைச் சட்டைக்கு நான்தான் இஸ்திரி போட்டேன் தம்பி. ஒற்றைச் சட்டை. ராத்திரி துவைத்து, காலையில் கொண்டு வருவார். காசு கொடுத்தார், நான்தான் வாங்கவில்லை. 'நம்ம பிள்ளை' என்று விட்டுவிட்டேன். வாங்கியிருக்க வேண்டும். கணக்குக் கணக்காகவே இருந்திருக்கும்!"

ஆம், கணக்கைக் கணக்காக வைப்போம்!