சவுக்குக்கு என்ன குறைச்சல்?

சென்ற டிசம்பரில் மஞ்சக்குப்பத்தில் என் பால்ய நண்பனின் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்து மூலையில் ஆறடி உயரத்தில் ஒரு பச்சை மரம். பிளாஸ்டிக்! அதன் காலடியில் ஒரு புட்டி, பைன் வாசனையாம். அமுக்கினால் பீச்சுகிறது. எனக்கு என்னவோ ஆஸ்பத்திரித் தரை கழுவிய ஞாபகந்தான் வந்தது.

“ஏண்டா, சவுக்கு என்ன ஆயிற்று?” என்றேன்.

“போடா! அது இல்லாதவன் வீட்டு மரம். பெண்ணுக்கு வாசனையுள்ள அசல் மரம் வேண்டுமாம். கிடைக்கவில்லை, இதை வாங்கினேன்.”

இல்லாதவன் வீட்டு மரம்! அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

சைவ வீட்டுப் பிள்ளைக்குக் கிறிஸ்துமஸ் மரத்தில் என்ன வழக்கு என்று கேட்பீர்கள். பாதிரி மரத்தின் பெயரையே ஊர்ப் பெயராகக் கொண்ட திருப்பாதிரிப்புலியூர்க்காரன் நான்; பாடலீசுவரர் கோயிலின் தல விருட்சம் அது. மரத்தை மதிப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். அதுவுமன்றி, பள்ளிக்கூட நாட்களில் 24-ஆம் தேதி சாயங்காலம் கடலோரத் தோப்பிலிருந்து சவுக்குக் கிளையை ஒரு முனையில் அவனும் மறுமுனையில் நானுமாகச் சுமந்து வந்தவர்கள். இளைப்பாற இறக்கும் இடத்திலெல்லாம் ஊசியைக் கணுவில் பிய்த்து, மறுபடி செருகி, “எந்தக் கணு, சொல்லு?” என்று பந்தயம் கட்டுவோம். அவன் அம்மா குடத்தில் ஈரமணல் நிரப்பி அதை நிறுத்துவார். அந்த வீட்டில் அன்று யாரும் வெட்கப்படவில்லை.

அசல் என்றால் எது அசல்? பெத்லகேம் கதையில் மரமே கிடையாது. ஜெர்மானியர் தங்கள் காட்டில் நின்றதை வெட்டி வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். விக்டோரியா ராணியும் ஆல்பர்ட்டும் மரத்தருகே நிற்கும் படம் 1848-இல் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகுதான் இங்கிலாந்தில் அது பரவலாயிற்று. அவரவர் மண்ணில் நின்றதை வெட்டுவதுதான் வழக்கமென்றால், நம் மணலில் நிற்பதை வெட்டுகிறவனே வழக்கத்தைக் காப்பாற்றுகிறவன்.

சவுக்கும் வந்தேறிதானே என்பார்கள். ஆம். 19-ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகாக நம் கரையில் பயிரிட்டார்கள். ஆனால் வந்த இடத்தில் உழைத்தது! நம் கல்யாணப் பந்தலுக்குக் கால் அது. கோயில் திருவிழாவுக்குக் கால் அது. கட்சி மாநாட்டுக்கும் அதுதான். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர்ப் பக்கம் முந்திரியையும் பலாவையும் சவுக்கையும் சேர்த்துச் சாய்த்தது. முந்திரியும் பலாவும் மீளப் பல வருஷம் வேண்டும். சவுக்கு நட்டால் நாலைந்து வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடும். மரத்தை வெட்டலாமா என்று உருகுகிறவர்களுக்கும் இதுவே பதில். கொம்பு விலைக்குப் போக, மிளாராக அடுப்புக்குப் போகும் நுனியைத்தானே கேட்கிறோம்! பிளாஸ்டிக்கோ பேரன் காலத்திலும் மக்காமல் கிடக்கும்.

வாசனை? ஒப்புக்கொள்கிறேன். சவுக்கு பைன் இனமே அல்ல. ஊசி போலத் தெரிவது இலையல்ல, மெல்லிய குச்சி. பிசின் மணம் அதற்கு இல்லை. அதனால் என்ன? கடைத்தெருவில் மரிக்கொழுந்து இல்லையா? கிளைக்குக் கிளை நாலு கொத்துச் செருகுங்கள், கூடம் கமகமக்கும். கிளையை மட்டும் பார்த்து வாங்க வேண்டும். ஊசியை வளைத்தால் வளைய வேண்டும். உலுக்கினால் உதிரக் கூடாது. முதல் நாள் மாலை வெட்டியதாக இருக்கட்டும். மணலை ஈரமாக வைத்திருங்கள். மெழுகுவத்தியை அருகே கொண்டுபோகாதீர்கள்.

வாசனை இல்லாதது சவுக்கின் குற்றமல்ல. அதை இல்லாமையின் அடையாளமாக்கியது நம் குற்றம். தொழுவத்தில் பிறந்த குழந்தைக்காகக் கொண்டாடும் பண்டிகையில் ஏழைவீட்டு மரம் என்று ஒன்றைத் தள்ளுவதைவிடப் பெரிய முரண்பாடு வேறென்ன?

வருகிற 24-ஆம் தேதி மாலை நான் தோப்புக்குப் போகப் போகிறேன். கிளையின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்வேன். மறுமுனைக்கு அவன் வரட்டும். பெண்ணையும் அழைத்து வரட்டும். எந்தக் கணு என்று அவளிடம் கேட்க வேண்டும்.