யார் வயிற்றை முதலில் கட்டுவது?

கச்சா எண்ணெயை விற்றுப் பெட்ரோலை வாங்கிய நாடு நைஜீரியா. 1956-ல் நைஜர் டெல்டாவின் ஒலோய்பிரி கிராமத்தில் எண்ணெய் கிடைத்தது. 1958-ல் ஏற்றுமதி தொடங்கியது. போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடூனா ஆகிய ஊர்களில் அரசுக்குச் சுத்திகரிப்பு ஆலைகளும் இருக்கின்றன. இருக்கின்றன, அவ்வளவுதான். பல ஆண்டுகளாக அவை ஓடியதைவிட நின்றதே அதிகம்.

வெளிநாட்டிலிருந்து வந்த பெட்ரோலை அரசு மானியம் கொடுத்து மலிவாக விற்றது. கரன்ட் எப்போது வரும் என்று தெரியாத ஊரில், தையற்கடையும் சலூனும் ஓடியது அந்த மலிவுப் பெட்ரோல் ஊற்றிய ஜெனரேட்டரில்தான். அரசாங்கம் என்று ஒன்று இருப்பதற்கு ஏழைக்குத் தெரிந்த ஒரே அடையாளமும் அதுவே. அதில் பெருச்சாளிகளும் புகுந்தன. மானியத்தில் 680 கோடி டாலர் வரை சுருட்டப்பட்டதாக 2012-ல் நாடாளுமன்றக் குழு கண்டறிந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழுவின் தலைவரே எண்ணெய் வணிகர் ஒருவரிடம் லஞ்சம் வாங்கியதற்காகப் பின்னர் தண்டிக்கப்பட்டார்!

2023 மே 29 அன்று பதவியேற்ற அதிபர் போலா டினுபு, முதல் உரையிலேயே மானியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார். அடுத்த மாதமே நாட்டின் நாணயமான நைராவின் மதிப்பைச் சந்தையிடம் விட்டார். லிட்டர் 200 நைராவுக்குள் இருந்த பெட்ரோல், சில நாட்களில் 500-ஐத் தாண்டியது. 2024 இறுதிக்குள் 1,000-ஐத் தொட்டது. டாலருக்கு 460 என்றிருந்த நைரா, மறு ஆண்டில் 1,500-ஐயும் தாண்டிச் சரிந்தது. 2024-ல் பணவீக்கம் 30 சதவீதத்துக்கு மேல் போனது. குறைந்தபட்ச ஊதியத்தை 30,000-லிருந்து 70,000 நைராவாக உயர்த்தினார்கள். 50 கிலோ அரிசி மூட்டை ஒன்றுக்கே அது போதவில்லை. 2024 ஆகஸ்டில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். உயிர்களும் போயின.

மானியத்தை நிறுத்தியது தவறென்று நாம் சொல்லவில்லை. கடன் வாங்கிக் கொடுத்த மானியம் அது. அந்த மலிவுப் பெட்ரோல் அண்டை நாடுகளுக்கும் கடத்தப்பட்டது. மானியம் என்றைக்காவது நின்றே ஆக வேண்டும். ஆனால், சிக்கனம் எங்கே தொடங்கியது? மக்கள் வயிற்றில்; அரசின் செலவில் அல்ல. போர்ட் ஹார்கோர்ட் ஆலையைப் பழுதுபார்க்க 2021-ல் ஒதுக்கிய தொகை 150 கோடி டாலர். 2024 நவம்பரில் ஆரவாரத்தோடு திறந்தார்கள். 2025 மே மாதம் பராமரிப்புக்கென்று மூடினார்கள்.

லாகோஸ் அருகே தொழிலதிபர் அலிகோ டாங்கோடே கட்டிய தனியார் ஆலை, நாளுக்கு 6.5 லட்சம் பீப்பாய் சுத்திகரிக்கும் திறனுடையது. 2024 செப்டம்பரில் அங்கே பெட்ரோல் உற்பத்தி தொடங்கியது நல்ல செய்திதான். ஆனால் உள்நாட்டில் போதிய கச்சா எண்ணெய் கிடைக்காமல், அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது! இனி எடுக்கப்போகும் எண்ணெயின் ஒரு பகுதியை ஈடு காட்டி, அரசு எண்ணெய் நிறுவனம் முன்பே கடன் வாங்கியிருக்கிறது. எண்ணெய்த் திருட்டு தனி.

மானியத்தை ஒரே உரையில் நிறுத்த முடிந்த அதிபருக்கு, இதையும் ஒரே உரையில் சொல்ல முடியும்: எந்தக் கடனுக்கு எத்தனை பீப்பாய் அடகில் இருக்கிறது, அந்த 150 கோடி டாலரில் என்னென்ன வேலை நடந்தது? 2027-ல் தேர்தல். அதற்குமுன் அவர் சொல்லட்டும்.