வீட்டுச் செலவும் நாட்டுக் கணக்கும்

2016 ஆம் ஆண்டின் வீட்டு அலகு வருமான, செலவின அளவீட்டின்படி இலங்கை மக்களுள் 4.1 சதவீதத்தினர் வறியவர்கள். 2019 ஆம் ஆண்டின் அளவீட்டின்படி 14.3 சதவீதத்தினர் வறியவர்கள். தோட்டத் துறையைத் தனியே நோக்கின், 8.8 சதவீதமாக இருந்த வறுமை 33.8 சதவீதமாகக் காணப்படுகின்றது. முல்லைத்தீவு மாவட்டத்தில் 12.7 சதவீதம் 44.5 சதவீதமாகின்றது. மூன்றே ஆண்டுகளில் தோட்ட மக்களுள் நான்கிலொரு பங்கினர் புதிதாக வறுமையில் வீழ்ந்துவிட்டனரா? இல்லை. அம்மக்களை அளந்த கோடே மாறிற்று. 2002 ஆம் ஆண்டின் நுகர்வை அடிப்படையாகக் கொண்டு வரையப்பட்ட கோடு 2016 வரை பயன்பட்டது. 2019 ஆம் ஆண்டின் கணக்கிற்கு 2012/13 இன் நுகர்வை அடிப்படையாகக் கொண்ட புதிய கோடு பயன்பட்டது. பழைய கோட்டிற்குச் சற்று மேலே நின்றமையால் வறியவரெனக் கொள்ளப்படாத இலட்சக்கணக்கானோர் புதிய கோட்டிற்குக் கீழே வந்தனர். அவர்களுடைய உலையில் ஏறிய அரிசியின் அளவு இதனாற் கூடவுமில்லை, குறையவுமில்லை.

இச்சிறு செய்தியை நம் பொதுவாழ்வு எவ்வாறு ஏற்றுக்கொண்டது என்பதே இக்கட்டுரையின் பொருள். 4.1 என்ற எண் வந்தபோது வறுமை ஏறக்குறைய ஒழிந்துவிட்டதெனக் கூறியோர் உளர். 14.3 என்ற எண் வந்தபோது வறுமை மும்மடங்காயிற்றெனக் கூறியோரும் உளர். எண் எவ்வாறு பிறந்தது என்பதை இருசாராரும் வினவவில்லை. பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயில்வோரும் பயிற்றுவிப்போருங்கூட, எண்ணை மட்டும் எடுத்தாண்டு அதன் வரைவிலக்கணத்தை அறிக்கையின் பின்னிணைப்பிலேயே விட்டுவிடுதல் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் தீங்கற்றதன்று. எவருக்கு நிவாரணம், எவருக்குச் சம்பள உயர்வு, எப்பிரதேசத்திற்கு முன்னுரிமை என்னும் வினாக்களுக்கெல்லாம் இவ்வெண்களே சான்றாக முன்வைக்கப்படுகின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். அளவீட்டை இகழ்தல் எமது நோக்கமன்று. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் இவ்வளவீடு எளிய முயற்சியன்று. 2016 இலும் 2019 இலும் நாடெங்கணும் 25,000 வீட்டு அலகுகள் மாதிரியாகத் தெரிவுசெய்யப்பட்டன. பண்டிகைக் காலமும் அறுவடைக் காலமும் பஞ்ச மாதங்களும் கணக்கில் அடங்கவேண்டுமென்பதற்காக வேலை பன்னிரண்டு மாதங்களுக்குப் பகிரப்படுகின்றது. ஒரு வாரத்தில் உண்டவை நாள்வாரியாகப் பதியப்படுகின்றன. உணவல்லாத செலவுகள் பொருளுக்கேற்ப ஒரு மாதம், ஆறு மாதம், ஓராண்டு எனப் பின்னோக்கி வினவப்படுகின்றன. படியேறிச் சென்று, பாணின் விலையிலிருந்து பாடசாலைச் செலவு வரை பொறுமையோடு எழுதிவரும் உத்தியோகத்தர் நன்றிக்குரியவர். புள்ளிவிபரம் அனைத்தும் பொய் என்று கூறி ஒதுங்குவோர், வறியவரின் கையிலுள்ள ஒரேயொரு சாட்சியத்தையும் பறித்துவிடுகின்றனர்.

அச்சாட்சியத்தின் வலிமைக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே தக்க உதாரணம் உண்டு. 1979 இல் அரிசிப் பங்கீடு நீக்கப்பட்டு உணவு முத்திரைத் திட்டம் கொண்டுவரப்பட்டது. முத்திரையின் ரூபாப் பெறுமதி மாறாதிருக்க, பண்டங்களின் விலை ஏறிக்கொண்டே சென்றது. திறந்த பொருளாதாரத்தின் வளர்ச்சி வீதங்கள் புகழப்பட்ட காலம் அது. மத்திய வங்கி 1978/79 இலும் 1981/82 இலும் நடத்திய நுகர்வோர் நிதி அளவீடுகளை ஆய்வாளர் ஒப்புநோக்கியபோதே, கீழ்ப்படியில் இருந்தோர் உண்ட கலோரியின் அளவு குறைந்துவிட்டமை வெளிப்பட்டது. சராசரி மறைத்ததை அதே அளவீட்டின் உட்பிரிவுகள் காட்டிக்கொடுத்தன. ஆகவே குறை அளவீட்டில் இல்லை. அதனை ஒற்றை எண்ணாகச் சுருக்கி, அவ்வெண்ணைத் தீர்ப்பாக வழங்கும் முறையிலேயே உள்ளது. இதனை நான்கு வகையில் நிறுவலாம்.

முதலாவது, யார் எண்ணப்பட்டனர் என்ற வினா. 1990/91, 1995/96, 2002 ஆகிய ஆண்டுகளின் அளவீடுகள் வடக்கு, கிழக்கு மாகாணங்களை உள்ளடக்கவில்லை. 2006/07 இலும் வடமாகாணமும் திருகோணமலை மாவட்டமும் விடுபட்டன. 2009/10 இல் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகியன விடுபட்டன. இருபத்தைந்து மாவட்டங்களையும் உள்ளடக்கிய அளவீடு 2012/13 இலேயே நிறைவேறிற்று. போர்க்காலத்தில் உத்தியோகத்தர் செல்ல இயலாமை விளங்கிக்கொள்ளத்தக்கதே. ஆனால், அவ்வாண்டுகளின் எண்கள் 'இலங்கையின் வறுமை' என்றே மேற்கோள் காட்டப்பட்டன. அறிக்கையின் அடிக்குறிப்பில் இருந்த விடுபாடு, மேற்கோளில் இல்லாமற் போயிற்று. இடம்பெயர்ந்து, தொழிலிழந்து, பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த மக்களை நீக்கிவிட்டுக் கணித்த சராசரி, நாட்டின் சராசரியாக உலாவிற்று.

இதனினும் ஆழமான செய்தி ஒன்றுண்டு. 2002 இன் அளவீட்டிலிருந்தே உத்தியோகபூர்வ வறுமைக்கோடு வரையப்பட்டது. ஒருவர் நாளொன்றுக்கு 2,030 கலோரி பெறுதற்கு ஆகும் செலவும், அந்நிலையிலுள்ள குடும்பங்கள் உணவல்லாத இன்றியமையாத் தேவைகளுக்குச் செலவிடும் தொகையும் சேர்ந்து, ஒருவருக்கு மாதம் 1,423 ரூபா என அமைந்தது அக்கோடு. வடக்கு, கிழக்கு மக்களின் உணவும் செலவும் அக்கோட்டின் ஆக்கத்தில் இடம்பெறவில்லை. பின்னர் அம்மக்கள் அளவீட்டினுள் வந்தபோது, விலைவேறுபாட்டிற்கு மட்டும் திருத்தப்பட்ட அதே கோலால் அளக்கப்பட்டனர். தம்மை நீக்கி வெட்டப்பட்ட அளவுகோலால் அளக்கப்பட்ட மக்களின் வறுமை, 2016 வரை எழுதப்பட்ட ஒவ்வோர் அட்டவணையிலும் உண்டு.

இரண்டாவது, கோட்டின் கூர்மை பற்றிய வினா. 2019 இன் கோடு ஒருவருக்கு மாதம் 6,966 ரூபா. நாளொன்றுக்கு 232 ரூபா. 233 ரூபா செலவிட்டவர் வறியவரல்லர். 231 ரூபா செலவிட்டவர் வறியவர். கோட்டின் அருகே மக்கள் நெருங்கி நிற்கும் சமூகத்தில் கோட்டைச் சிறிது உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் வறுமை வீதம் பெரிதும் ஆடும். தோட்டத் துறை இதற்குச் சான்று. 2006/07 இல் 32.0 சதவீதமாக இருந்த அதன் வறுமை 2009/10 இல் 11.4 சதவீதமாக இறங்கிற்று. பின்னர் 8.8 ஆகிக் கோடு மாறியதும் 33.8 ஆயிற்று. இவ்விறக்கத்தை நம்பி மலையகத்தின் பிரச்சினை தீர்ந்துவிட்டதென வாதிட்டோர், அம்மக்களுட் பலர் கோட்டிற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றனர் என்பதைக் காணவில்லை. லயன் அறையும், சொந்த நிலமின்மையும், நாட்சம்பளத்தில் தங்கிய வாழ்வும் கலோரிக் கணக்கில் வருவனவல்ல. கொழுந்து குறைந்த மாதத்தில் வேலைநாள் குறையுமாயின் ஒரு சாண் உயரம் ஒரே மாதத்தில் கரைந்துவிடும்.

மூன்றாவது, சராசரி பற்றிய வினா. 2019 இல் வீட்டு அலகொன்றின் மாத வருமானத்தின் இடை 76,414 ரூபா. இடையம் 53,333 ரூபா. அதாவது, நாட்டின் குடும்பங்களுள் அரைவாசி 53,333 ரூபாவுக்கு மேற்படாத வருமானத்தில் வாழ்ந்திருக்க, 'சராசரிக் குடும்பம்' அதனினும் 23,000 ரூபா கூடுதலாகப் பெற்றதாகக் காட்டப்படுகின்றது. வருமானத்தின் உச்சியிலுள்ள ஐந்திலொரு பங்கினர் மொத்த வருமானத்தில் 51.4 சதவீதத்தைப் பெற்றனர். அடியிலுள்ள ஐந்திலொரு பங்கினர் பெற்றது 4.6 சதவீதம். இடையத்தை அறிக்கை மறைக்கவில்லை. மேடையிலும் செய்தித்தாளிலும் இடையே ஒலிக்கின்றது.

சராசரி வீட்டோடு நிற்பதில்லை, வீட்டினுள்ளும் புகுகின்றது. வீட்டின் நுகர்வை அங்கத்தவர் தொகையால் வகுத்து ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு வழங்குகின்றது கணக்கு. அனைவருக்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை உண்ணும் தாய்க்கும், சம்பளத்தின் ஒரு பகுதியைச் சாராயத் தவறணையில் விட்டுவரும் தந்தைக்கும் அட்டவணையில் ஒரே பங்கு. நகையை அடைவு வைத்து மருந்து வாங்கிய குடும்பத்தின் செலவு அம்மாதத்தில் உயர்கின்றது. செலவை நல்வாழ்வின் அளவாகக் கொள்ளுமிடத்து, நோயும் கடனும் அக்குடும்பத்தைச் செல்வமுடையதாக்கிக் காட்டவுங்கூடும்.

நான்காவது, விலைச்சுட்டெண் பற்றிய வினா. குடும்பச் செலவு அளவீட்டின் மிகப்பெரும் பயன்பாடு இதுவேயாயினும், இது பற்றிப் பேசுவோர் சிலரே. எப்பண்டத்திற்கு எவ்வளவு நிறை கொடுப்பதென்பதை அளவீடே தீர்மானிக்கின்றது. 1949/50 இல் கொழும்பு நகரத் தொழிலாளர் குடும்பங்கள் சிலவற்றிடம் பெற்ற செலவுக் கணக்கை ஆதாரமாகக் கொண்டு, 1952 ஐ அடியாண்டாக வைத்து ஆக்கப்பட்ட கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் 2007 வரை வழக்கிலிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக, நாடு முழுவதற்கும் அச்சில குடும்பங்களின் பழைய செலவுப் பட்டியலே வாழ்க்கைச் செலவின் அளவாக நின்றது. எழுபதுகளில் சந்தையில் கிடைக்காத பண்டங்களுக்கும் கட்டுப்பாட்டு விலையே அதில் எழுதப்பட்டது. வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியவரின் இடர் சுட்டெண்ணில் ஏறவில்லை.

இன்றைய சுட்டெண்கள் அதனினும் செம்மையானவை. ஆயினும் வினா தீர்ந்துவிடவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அக்கொழும்புச் சுட்டெண்ணில் உணவின் நிறை நூற்றுக்கு ஏறத்தாழ 28 ஆகும். அதே காலத் தேசியச் சுட்டெண்ணில் அது ஏறத்தாழ 44 ஆகும். வருமானம் குறையக் குறையச் செலவில் உணவின் பங்கு கூடும் என்பதை ஏர்ண்ஸ்ட் ஏங்கல் 1857 இலேயே எடுத்துக்காட்டினார். ஆகவே, வருவாயின் பெரும்பகுதியை அரிசிக்கும் மாவுக்கும் தேங்காய்க்கும் கொடுக்கும் குடும்பம் எதிர்கொண்ட விலையேற்றம், அறிவிக்கப்பட்ட 69.8 ஐ விடக் கூடுதலானதென்பது வெளிப்படை. கொழும்பு மாவட்டத்தின் நகர்ப்புறக் கூடையைக் கொண்டு மஸ்கெலியாவின் பசியையும் மாங்குளத்தின் பசியையும் அளந்து, அதற்கேற்பச் சம்பளமும் நிவாரணமும் பேசுவது நீதியன்று. அன்றியும், நெருக்கடி வந்தபோது கையிலிருந்த இறுதி முழுமையான அளவீடு 2019 க்குரியது. மக்கள் வேளைச்சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டிருந்த ஆண்டில், வறியவர் எத்தனை பேர் என்பதற்கு உலக வங்கி போன்றவற்றின் மதிப்பீடுகளையே நாம் நாடவேண்டியிருந்தது.

இங்ஙனம் கூறுமிடத்து ஒரு மறுப்பு எழலாம். எந்த அளவீடும் குறையுடையதே. குறையற்ற எண் கிடைக்கும்வரை கொள்கை காத்திருக்க இயலுமா என்பர். காத்திருக்குமாறு எவரும் கேட்கவில்லை. நியமவழுவைக் கூறாது மதிப்பீட்டைக் கூறுதல் தவறென முதலாண்டு மாணவனுக்குக் கற்பிக்கின்றோம். அவ்வொழுக்கத்தை வகுப்பறைக்கு வெளியிலும் கேட்பதே எமது வாதம். வறுமை வீதம் ஒன்றைக் கூறுவோர் எவராயினும், யார் எண்ணப்பட்டனர், எக்கோட்டால் அளக்கப்பட்டனர், எவ்வாண்டின் கூடை, எவ்விடத்துக் கூடை என்னும் நான்கினையும் உடன் கூறுதல் வேண்டும். கூறாதவரின் எண்ணைச் சான்றாக ஏற்றல் கூடாது.

அரசிடம் கேட்கவேண்டுவனவும் உள. அளவீடுகளின் இடைவெளி குறைதல் வேண்டும். நெருக்கடிக் காலத்தில் விரைந்து நடத்தத்தக்க சிறு அளவீட்டிற்கு முன்னேற்பாடு இருத்தல் வேண்டும். கோடு மாறும்போதெல்லாம் பழைய ஆண்டுகளின் கணக்கும் புதிய கோட்டின்படி அருகருகே அச்சிடப்பட்டு, அவ்விரு நிரல்களும் ஒருங்கே மேற்கோள் காட்டப்படுதல் வேண்டும். தோட்டத் துறைக்கும் வன்னி மாவட்டங்களுக்கும் மாதிரியின் பருமன் கூட்டப்படுதல் வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கெனத் தனி விலைச்சுட்டெண் வேண்டும். அறிக்கைகள் தமிழில் முழுமையாகவும் காலந்தாழ்த்தாதும் வெளிவருதல் வேண்டும்.

எனினும் முதற்கடமை பல்கலைக்கழகத்தினுடையது. தமிழில் பொருளியலும் புவியியலும் சமூகவியலும் பயிலும் மாணவர் ஆண்டுதோறும் பலர் வெளியேறுகின்றனர். அவர்களுட் சிலரேனும் ஒரு தோட்டப் பிரிவையோ ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தையோ தெரிந்து, அதன் குடும்பங்களின் செலவை ஓராண்டு முழுவதும் எழுதிவருவார்களாயின், தேசிய அட்டவணையை உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் கிடைக்கும். அரசின் எண்ணை மறுப்பதற்கும் ஏற்பதற்கும் எண்ணே வேண்டும். உணர்ச்சி மட்டும் போதாது. தம் மக்களின் செலவைத் தாமே எழுதாத சமூகத்திற்குப் பிறர் வரைந்த கோடே விதியாகும். அக்கோட்டைக் கேள்விக்குட்படுத்தும் தகுதியைத் தேடிக்கொள்ளுதல், இக்கல்விக்காக வரி செலுத்தும் அவ்வறியவர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய கடனாகும்.