திமிரும் கெத்தும்: ஒரு சொல்லைக் கற்பது குறித்து

'ஆட்டிட்யூட்' என்பதற்குப் பாடநூல்கள் தரும் தமிழ் 'மனப்பான்மை'. தாராவியின் சந்துகளில் அச்சொல்லைக் கொண்டு எவரையும் பாராட்டவும் இயலாது, பழிக்கவும் இயலாது. அங்கு வழங்கும் சொல் 'கெத்து'. அதனைக் 'கொச்சை' என்று ஓர் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிட்டு மும்பைத் தமிழை ஆராய்ந்துவிட்டதாகக் கருதுவது ஆய்வன்று, சோம்பல்.

அகராதியில் பொருள் தேடிப் பயனில்லை. அதன் ஆட்சியைக் கற்க வேண்டும். 'கெத்தாக நடந்தாள்' என்பது பாராட்டு. 'கெத்து காட்டுகிறான்' என்பது சொல்பவரின் குரலைப் பொறுத்துப் பாராட்டாகவோ ஏளனமாகவோ அமையும். 'கெத்தை விடாதே' என்பது அறிவுரை. 'நான் கெத்து' என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்பவன் நகைப்புக்கு ஆளாவான். பிறர் வழங்கினால் மட்டுமே செல்லுபடியாகும் சொல் இது.

இதன் எதிர்ச்சொல் 'பணிவு' என்று எண்ணுவது பிழை. 'திமிர்' என்பதோடு வைத்து நோக்கினால்தான் உண்மை விளங்கும். தலைநிமிர்வு ஒன்றே. மேலே இருப்பவர் அதனைத் திமிர் என்கிறார். உடன் நிற்பவர் கெத்து என்கிறார். நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வேலை கேட்டு நின்றபோது எந்தச் சொல்லால் அளக்கப்பட்டிருப்பார்கள் என்பதை ஊகிக்க நூலகம் வேண்டியதில்லை.

2016இல் 'கெத்து' என்ற திரைப்படத்துக்கு, தலைப்பு தமிழன்று என்று கூறிக் கேளிக்கை வரிவிலக்கு மறுக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. நாள்தோறும் மக்கள் நாவில் புழங்கும் சொல், தன் தமிழ்மையை மெய்ப்பிக்க நீதிமன்றப் படியேற நேர்ந்தது. 2018இல் வெளிவந்த 'காலா'வின் பாடல்களில் தாராவியின் சொல்லிசைக் கலைஞர்கள் டோப்டெலிக்ஸ் பங்கேற்றனர். அப்போது அதே தெருமொழியைத் திரையரங்குகள் கைதட்டி வரவேற்றன. கல்விப்புலம் மட்டும் இன்னும் தயங்குகிறது.

இச்சொல் ஆண்களின் வீறாப்பையும் ரவுடித்தனத்தையும் ஒருசேரப் போர்த்துகிறது என்பது நியாயமான மறுப்பே. ஆனால் குறையுள்ள சொல் ஆய்வுக்கு உரியதே அன்றி விலக்குக்கு உரியதன்று. பொதுக்குழாயடியில் வரிசையை விட்டுக்கொடாத பெண்ணும் இதே சொல்லால்தான் மதிக்கப்படுகிறாள்.

எனவே இச்சொல்லைக் கற்க விரும்பும் மாணவர் முதலில் வினவ வேண்டியது அதன் வேர் எது என்பதன்று. ஒரு தலைநிமிர்வைத் தம் நா எந்தச் சொல்லால் அழைக்கிறது என்பதே. அந்த விடை, தாம் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை அவருக்கே காட்டிவிடும்.