விடை மட்டும் போதாது, செய்கையையும் காட்டுங்கள்

10ஆம் தரத்துப் பிள்ளை கணிதத் தாளில் விடையை மட்டும் எழுதி வைத்தால் நாம் முழுப் புள்ளி போடுவதில்லை. "செய்கை எங்கே?" என்று கேட்கிறோம். அதே கேள்வியை அரச நிறுவனங்களிடம் கேட்டால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

வெப்பநிலை, மழைவீழ்ச்சி, நோய்ப் பரவல் என்று அரசுகள் வெளியிடும் எண்கள் வானத்திலிருந்து விழுவதில்லை. மூலத் தரவுகளை ஒரு கணினி நிரல் திருத்தி, சேர்த்து, சராசரி எடுத்துத் தருகிறது. எண்ணை நமக்குக் காட்டுகிறார்கள். நிரல் அலுமாரிக்குள் இருக்கிறது.

கேட்டால் மூன்று பதில்கள் வரும். நிரல் அலங்கோலமாக இருக்கிறது. எதிராளிகள் பிழை பிடிப்பார்கள். விளக்கம் சொல்ல ஆள் இல்லை.

நாசாவுக்கும் இதே தயக்கம் இருந்தது. உலக வெப்பநிலையைக் கணிக்கும் அதன் ஜிஸ்டெம்ப் நிரல், பல ஆண்டுகளாக ஒட்டுப்போட்டு வளர்ந்த பழைய போர்ட்ரான். 2007இல் ஸ்டீவ் மக்கின்டயர் என்ற கனடியர், அமெரிக்க நிலையங்களின் தரவில் 2000ஆம் ஆண்டை ஒட்டி ஒரு பிசகைக் கண்டுபிடித்தார். நாசா திருத்தியது. அமெரிக்காவின் அண்மைய எண்கள் சுமார் 0.15 பாகை குறைந்தன. 1998ஐ 1934 மயிரிழையில் முந்தியது. அமெரிக்கா பூமியின் பரப்பில் ஏறத்தாழ 2 வீதம்தான்; உலகச் சராசரி குறிப்பிடத்தக்க அளவில் அசையவில்லை. ஆனாலும் "புவி வெப்பமாதலே பொய்" என்று ஒரு கூட்டம் கொண்டாடியது. பூட்டிய அலுமாரி இருக்கும் இடத்தில் வதந்திக்குப் பஞ்சமில்லை.

அந்த ஆண்டு செப்டெம்பரில் நாசா நிரலை வெளியிட்டது. வானம் இடிந்து விழவில்லை. பிரித்தானிய மென்பொருள் பொறியியலாளர் நிக் பார்ன்ஸும் அவருடைய தோழர்களும் அதைப் பைதன் மொழியில் தெளிவாக மாற்றி எழுதினார்கள். சில சிறு பிழைகள் அகப்பட்டன. உலக வெப்பநிலை வரைபு அப்படியே இருந்தது. பிற்காலத்தில் நாசாவே அந்தப் பைதன் வடிவத்தைத் தழுவிக்கொண்டது. எதிராளிக்குப் பயந்து மறைத்ததை நண்பர்கள் இலவசமாகத் திருத்திக் கொடுத்தார்கள்!

சிரமம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. நிரலுக்குள் வேறு கம்பனியின் உரிமைப் பகுதி இருக்கலாம். தரவு வேறு நாட்டுடன் செய்த உடன்படிக்கைக்குக் கட்டுப்பட்டிருக்கலாம். எழுதியவர் ஓய்வுபெற்றுப் போயிருக்கலாம். கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு உத்தியோகத்தரின் நேரம் வேண்டும், அதற்குச் சம்பளம் வேண்டும். இவை எல்லாம் திட்டமிட வேண்டிய வேலைகள். மறைப்பதற்கான நியாயங்கள் அல்ல.

இது நமக்கு எட்டாத விஷயம் என்று நினைக்கும் பெற்றோரே, 2011 உயர்தரப் பரீட்சையை மறந்துவிட்டீர்களா? பழைய, புதிய பாடத்திட்ட மாணவர்களுக்கு இசட் புள்ளி கணித்த விதம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2012இல் மீண்டும் கணிக்க வேண்டி வந்தது. பல்கலைக்கழகக் கனவோடு இருந்த பிள்ளைகள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். இசட் புள்ளிச் சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். இரு கூட்டத்தையும் எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் தகராறு. அந்தக் கணிப்பு முறையை நிரலோடு முன்கூட்டியே மக்கள் முன் வைத்திருந்தால், ஊரில் ஒரு புள்ளிவிபரவியல் ஆசிரியராவது கை உயர்த்தியிருப்பார். வழக்குப் பேச வேண்டிய தேவையே வந்திருக்காது.

நாம் கேட்பது மூன்றே விடயங்கள். எண் வெளிவரும் நாளிலேயே நிரலும் வெளிவரட்டும், அலங்கோலமாக இருந்தாலும் பரவாயில்லை. பிள்ளைகளின், நோயாளிகளின் சொந்த விபரங்கள் உள்ளேயே இருக்கட்டும். நிரலைத் திறக்க அவை தேவையில்லை. பிழை சொல்பவருக்குப் பதிலளிக்க, அதற்கென்றே ஒருவரை நியமியுங்கள்.

மக்கள் பணத்தில் எழுதிய நிரல் மக்களின் அமானிதம். பிழை இருப்பது அவமானமல்ல. அதைத் திருத்த வந்தவனை வாசலில் நிறுத்தி வைப்பதுதான் அவமானம்.