மரியாதை என்றால் ஒரு நாற்காலி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பராமரிக்கும் நிறுவனம் நுழைவாயிலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது: "நேர்மை, வெளிப்படைத்தன்மை, மனித மரியாதை." அதன் கீழேயே காவலாளி 12 மணி நேரம் நிற்கிறார். உட்கார நாற்காலி இல்லை. கால் வீங்கியிருக்கிறது. கேட்டால், "உட்கார்ந்தா தூங்கிடுவாங்க சார்" என்கிறார் மேலாளர்.

கடை, நிறுவன ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இலேயே சட்டத்தைத் திருத்தினார்கள். துணிக்கடைப் பெண்களுக்குக் கிடைத்த நியாயம் காவலாளிக்கு மட்டும் ஏன் கூடாது?

30 வருடம் கரும்பலகையில் தினம் ஒரு பொன்மொழி எழுதியவன் நான். பிள்ளைகள் அதைப் படித்ததைவிட என் நடத்தையைத்தான் பார்த்தார்கள். நிறுவனத்துக்கும் அதுதான் அளவுகோல்.

மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டும் நமக்கும் இதில் பொறுப்பு உண்டு. அடுத்த சங்கக் கூட்டத்தில் முதலில் நாற்காலியைக் கேட்கப் போகிறேன். உங்கள் வாசலிலும் ஒருமுறை பாருங்கள்.